கானில் வந்த பச்சைத் தண்ணீர்

ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டத்தைப் பற்றிக் கதையுங்கள் ரீச்சர் என்றுதான் என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். பாடத்திட்டம் உங்கள் எல்லோர் கையிலும் அச்சடித்தே இருக்கிறது. அதை நான் வாசிக்க, நீங்கள் மேசைக்குக் கீழே ஃபோனைப் பார்க்க, இரண்டு பக்கத்துக்கும் பொழுது வீண். ஓய்வுபெற்றவளுக்கு ஒரு வசதி உண்டு: சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டாலும் இடமாற்றக் கடிதம் வராது. ஆகவே நான் ஒரு கீரைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். எங்கள் பிள்ளைகள் பாடம் படிக்கப் போனதால் ஒரு பெண்ணின் பிழைப்பு கெட இருந்த கதை அது.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், கால்வாய்க்குக் கிட்ட எங்கள் பள்ளிக்கூடம். ஆரம்பப் பிரிவுக்கு நான் பொறுப்பு. நாலாம் வகுப்புக்குக் கணிதமும் சுற்றாடலும் என்னுடையவை. அந்தத் தவணை எல்லாப் பாடங்களையும் ஒரே தலைப்பில் நடத்தச் சொன்னார்கள். தலைப்பு, பண்ணை. அத்தோடு ஒரு கண்காட்சி, பெற்றோர் வருவார்கள், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வருவார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், ஆளுக்கொரு துண்டாகப் பண்ணையை வெட்டிக் கொண்டுபோனோம். தமிழ்ப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ‘நான் ஒரு பசு’ என்று கட்டுரை எழுதினார்கள். எல்லாப் பசுவும் ஒரே பசு. சிங்களப் பாடத்தில் விலங்குகளின் பெயர். என் பாடத்தில் ஒரு விவசாயிக்குச் செவ்வக வடிவில் காணி, அதைச் சுற்றி வேலி. சித்திரத்தில் சிவப்புக் கூரை, மணி கட்டின மாடு, பின்னால் ஒரு காற்றாலை. தொடர்மாடியின் மேல்மாடியில் கடலைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் காற்றாலை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே யோசனை. அந்தப் படங்களில் புல் இருந்தது, மாடு இருந்தது, மனிதர் ஒருவரும் இல்லை.

ஒரு நாள் வகுப்பில் கேட்டேன்.

“இந்தப் பண்ணை எங்க இருக்கு?”

“நுவரெலியாவில, ரீச்சர்.”

“வன்னியில.”

“ரிவியில, ரீச்சர்,” என்றான் ஒருவன். அவன் சொன்னதுதான் உண்மை.

அப்போது நிலூபா கையைத் தூக்கினாள். சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகக் கதைக்கிற பிள்ளை. வாய் சும்மா இராது. “ரீச்சர், கங்குன் ஆன்ட்டிட இடம் பண்ணையா?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. கங்குன் என்பது தண்ணீருக்குள் நிற்கிற கீரை, உங்களுக்குத் தெரியும். கால்வாய்க் கரையில் ஒரு சிங்களப் பெண் அதைப் போட்டிருந்தா. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அவவின் கீரைதான் சட்டிக்குள் போனது. ஆனால் அந்த இடம் பண்ணையா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாடு இல்லை, வேலி இல்லை, செவ்வகமும் இல்லை. “எனக்கும் தெரியேல்ல, போய்ப் பாப்பம்,” என்றேன். பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்ல உங்களில் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளையும் யன்னலால் வெளியே பார்க்கவில்லை.

பெற்றோரிடம் அனுமதி வாங்கி, சிங்கள ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்தப் பெண்ணின் பெயர் சுமணா. கால்வாய்க் கரை அரசாங்கக் காணி, எங்களைக் கண்டதும் மாநகர சபையிலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்து அரிவாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தா. நிலூபா போய் விளக்கம் சொன்னாள். பண்ணையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் சுமணா தன் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தா, பிறகு எங்களைப் பார்த்தா. பள்ளிக்கூடத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பா.

“பாருங்க. ஆனா என்ட பேரை எழுதவேணாம்,” என்றா. சிங்களத்தில்தான் சொன்னா, கடைக்குக் கீரை கொடுக்கிற அளவுக்குத் தமிழும் அவவுக்கு வரும்.

எனக்கு முதல் அடி கணிதத்தில் விழுந்தது. ஒரு பாத்தியும் செவ்வகம் இல்லை. ஒன்று வளைந்து கிடந்தது, ஒன்று ஒரு மூலையில் ஒடுங்கிப்போய் இருந்தது. பரப்பளவு கேட்டால் ஆளுக்கொரு விடை. சண்டை பிடித்து, கயிற்றால் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்தார்கள். புத்தகத்தில் நான் ஒரு கிழமை மாரடிக்கிற விஷயம் அங்கே வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. சிங்கள ரீச்சருக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. கேள்வி கேட்க வேண்டிய தேவை வந்ததும் பிள்ளைகளுக்குச் சிங்களம் தானாக வந்தது.

கடைசியில் ஒரு பிள்ளை, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. ஒழுங்கையிலிருந்து வந்து பாத்திக்குள் விழுகிற கானை, அந்த வடிகாலை, சுமணா காட்டினா. சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னா.

“சில நாள் கலர் கலரா வரும். ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு. கலர் சோடா மாதிரி.”

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவவுக்கு விளங்கியது. சிரிப்பு நின்றது. என்னைத் தனியாகக் கூப்பிட்டா.

“அனே மிஸ், அதை எழுதவேணாம். உங்கட பிள்ளைகளிட அம்மாமார்தான் என்ட கீரையை வாங்குறாங்க.”

சரி என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கீரையைத் தின்கிற பிள்ளைகள் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். “அக்கே, அது எங்கயிருந்து வருது எண்டு முதல்ல பாப்பம். அதுக்குப் பிறகு எதை எழுதிறது எண்டு உங்களோடயே கதைக்கிறன்,” என்றேன். காப்பாற்ற முடியுமா என்று தெரியாத வாக்கை அவசரத்தில் கொடுக்காதீர்கள். பின்னால் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்க வேண்டிவரும். நான் கொடுக்காமலே வாங்கினேன், அது வேறு கதை.

அடுத்த நாளே ஆரம்பமானது. ஒரு பிள்ளை வீட்டில் போய், கங்குன் வேண்டாம், அதில் சாயத் தண்ணீர் என்று சொல்லிவிட்டது. தாய் அதைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டா. விடிவதற்குள் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு சாக்கடையின் படமும் கூடச் சேர்ந்துவிட்டது. கடைக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் சுமணா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றா. கையில் ஒரு பை, பைக்குள் வாடிப்போன கங்குன் கட்டுகள்.

“கடைக்காரன் வேண்டாம் எண்டுட்டான், மிஸ்,” என்றா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “நீங்க வாறதுக்கு முந்தி தண்ணியைப் பத்தி ஒருத்தரும் கேக்கேல்ல. நான் உங்கட பிள்ளைகளுக்குப் பொய் சொல்லியிருக்கணும்.”

நிலூபா என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. எனக்குச் சரியான வேதனையாகிவிட்டது. உண்மை சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு ஆள் நட்டப்படுவதை ஒரு பிள்ளை கண்ணால் பார்க்கிறது. இதற்குமேல் நான் எந்தப் பாடவேளையில் எதைப் படிப்பிப்பது?

எங்கள் பள்ளிக்கூட அதிபர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

“ரீச்சர், பிள்ளைகள் பசுப் படமே கீறட்டும். பசுவைப் பற்றி ஒருத்தரும் முறைப்பாடு எழுதமாட்டினம்.”

“சேர், பசுவுக்கு ஒண்டும் நட்டமில்லை. அந்த மனுசியை நடுத்தெருவில விட்டுட்டு எப்பிடிப் பசுவைக் கீறிறது?”

“அப்ப என்ன செய்யப் போறீங்கள்?”

“கலர் எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடிக்கப் போறம்.”

அவர் நெற்றியைத் தடவினார். வேண்டாம் என்று அவர் சொல்லாததை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். பிள்ளைகள் துப்பறிகிறவர்களாக மாறிவிட்டார்கள். முதல் சந்தேகம் சேலைக் கடைகள்மேல். போய்க் கேட்டால், நாங்கள் சேலை விற்கிறோம், சாயம் தோய்ப்பதில்லை என்றார்கள். அடுத்தது சலூன், தலைமயிர்ச் சாயம் நீலத்தில் போகுமா என்று ஒரு பையன் கேட்க, சலூன்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. பிறகு கார் பெயின்ற் அடிக்கிற கராஜ். அது ஒழுங்கையின் மற்றப் பக்கத்துச் சரிவில் இருந்தது, தண்ணீர் மேலே ஏறாது என்று பிள்ளைகளே தள்ளிவிட்டார்கள். இனிப்புக் கடையை மட்டும் பல தடவை விசாரித்தார்கள். அங்கே போகும்போதெல்லாம் லட்டுத் துண்டு கிடைத்தது.

ஒன்றும் பிடிபடவில்லை. சுமணா கீரையைப் பொரளைப் பக்கம் கொண்டுபோய் விற்கப் பார்க்கிறா, ஈரக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள் இல்லை என்று கேள்விப்பட்டேன். நித்திரை வரவில்லை. ஒரு கட்டத்தில், பேசாமல் விட்டிருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு காலை. பிள்ளைகளின் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு கானைப் பார்க்கப் போயிருந்தோம். சுமணா எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தா. தண்ணீர் சாதாரண அழுக்கு நிறத்தில் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. திரும்புவோம் என்று நான் வாயெடுக்க, தண்ணீர் பச்சையாக வந்தது.

சும்மா பச்சை இல்லை. வடிவான, பளிச்சென்ற பச்சை. கீரையின் அடியைச் சுற்றி வளைந்து போனது.

நிலூபா மெல்லிய குரலில் சொன்னாள். “ரீச்சர், இண்டைக்கு பி வகுப்புக்குச் சித்திரம். அவங்க புல்லுக்குக் கலர் அடிக்கிறாங்க.”

கண்காட்சிக்காக எங்கள் பிள்ளைகள் கீறின பண்ணையின் புல், தூரிகை கழுவின தண்ணீரோடு, உண்மையான பண்ணைக்குள் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஊரெல்லாம் சந்தேகப்பட்டோம். எங்கள் ஒழுங்கையில் எங்கள் மதிலை மட்டும் சந்தேகப்படாமல் தாண்டி நடந்தோம்.

சந்தேகம் தீரவேண்டும் என்று அடுத்த நாள் நானும் சில பிள்ளைகளும் கானடியில் நிற்க, சித்திர சேரைச் சிவப்பைக் கரைத்துக் கைகழுவும் பேசினில் ஊற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வந்தது. சித்திர சேர் மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தார். சின்ன வயது மனிதர், அன்பாகப் படிப்பிக்கிறவர். “நான் அவங்களுக்குப் புல்லுத்தானே கீறக் காட்டிக் குடுத்தனான், ரீச்சர்,” என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. உங்களில் பிழை இல்லை, பைப்பில் பிழை என்று முதுகில் தட்டினேன்.

பைப்பில்தான் பிழை. சித்திர அறைப் பேசினையும் கன்ரீன் பேசினையும் யாரோ எப்போதோ ஒழுங்கைக் கானில் தொடுத்துவிட்டிருந்தார்கள் என்று பிளம்பர் பிறகு கண்டுபிடித்தார். கழிப்பறைகள் வேறு பைப்பில் சரியாகப் போயின. அதைக் கேட்டு நான் எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னேன்.

ஆனால் பிளம்பர் வருவதற்கு முன் ஒரு பெரிய சண்டை நடந்தது. பிள்ளைகள் கண்காட்சிக்கு ஒரு பெரிய வரைபடம் கீறியிருந்தார்கள். கால்வாய், ஒழுங்கை, சுமணாவின் பாத்திகள் எல்லாம் அளந்து போட்டது. நடுவால் ஒரு தடித்த கோடு. கோட்டின் ஒரு முனை பாத்தியில். மறு முனை எங்கள் பள்ளிக்கூடத்தில். அதிபர் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ரீச்சர், இது கண்காட்சி. விசாரணைக் கமிஷன் இல்லை. பைப்பை நான் திருத்துறன். சத்தியமாத் திருத்துறன். இந்தப் படம் மட்டும் வேண்டாம்.”

“பைப் திருத்தினா தண்ணி சுத்தமாகும், சேர். அவவிட பேர் சுத்தமாகாது. கீரையில சாயம் எண்டு ஊருக்கே தெரியும். சாயம் ஆருடையது எண்டு தெரியாட்டி அவவிட்ட ஒருத்தரும் இனி வாங்கமாட்டினம்.”

“அதிகாரி வாறார்.”

“பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். படத்தைக் கழட்டினா, நாங்கள் கழட்டினது எண்டதும் தெரிஞ்சிடும்.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பயந்திருக்கிற மேலதிகாரியை வெல்லப் பார்க்காதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். அவர் பயந்தது அதிகாரிக்கு. அதைவிட அதிகமாகப் பிள்ளைகளுக்குப் பயப்பட வேண்டியவர் என்பதை அவரே யோசித்து எடுக்க நேரம் கொடுத்தேன். கடைசியில், “முதல்ல பிளம்பர். பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கோணும். அதுக்குப் பிறகுதான் படம்,” என்றார். அது நான் கேட்டதைவிட நல்ல யோசனை. கண்காட்சியைத் தவணைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததும் அவர்தான்.

சுமணாவிடம் நானும் நிலூபாவும் போனோம். கலர் எங்களுடையது என்று சொன்னபோது அவ நம்பவில்லை. நிலூபாவைத் திரும்பச் சொல்லச் சொன்னா. பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எங்களை நன்றாக ஏசினா. நான் முழுவதையும் கேட்டேன். நிலூபாவுக்கு நல்ல புதிய சிங்களச் சொற்கள் சில கிடைத்தன. ஏசி முடிந்ததும் கான் விழுகிற பக்கத்துப் பாத்திகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, பைப் திருத்தினதும் புதுத் தண்டு ஊன்றினா. சித்திர சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கிக் கூட நின்றார். பரிசோதகர் வந்து பார்த்து, தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய், கிழமை தாண்டி ஆட்சேபனை இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

கண்காட்சி நாள். மண்டபம் நிறையப் பெற்றோர். சுவர் முழுக்கச் சிவப்புக் கூரைகளும் காற்றாலைகளும். அவற்றையும் நாங்கள் கழற்றவில்லை, பிள்ளைகள் பாடுபட்டுக் கீறினவை. நடுவில் அந்த வரைபடம். அதன் முன்னால் மேசையில் சுமணாவின் புதுக் கங்குன், கட்டுக் கட்டாக. சுமணா நல்ல சேலை ஒன்று உடுத்தி, வரக்கூடாத கலியாணத்துக்கு வந்த ஆள்போல ஓரமாக நின்றா. பெற்றோர் மேசையைச் சுற்றிப் போனார்கள். ஒருவரும் கட்டைத் தொடவில்லை.

அதிகாரி வரைபடத்தின் முன் நின்றார். விரலால் கோட்டைப் பின்தொடர்ந்து போனார். கோடு முடிகிற கட்டடத்துக்குப் பிள்ளைகள் மஞ்சள் நிறம் அடித்திருந்தார்கள். எங்கள் பள்ளியும் மஞ்சள்தான்.

“இந்தக் கட்டடம் என்ன?” என்று கேட்டார்.

பிள்ளைகள் அதிபரைப் பார்த்தார்கள். அத்தனை பெற்றோரும் பார்த்தார்கள்.

“எங்கட பள்ளிக்கூடம்தான், சேர்,” என்றார் அதிபர். “கீரையில வந்த சாயம் எங்கட பேசினில இருந்து போனது. அந்த அம்மாவில ஒரு பிழையும் இல்லை. இப்ப திருத்தியாச்சு.”

அதிபர் அத்தோடு நிற்கவில்லை. மேசைக்குப் போய் இரண்டு கட்டுக் கங்குனைத் தூக்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட, தன் அலுவலகப் பைக்குள், கோப்புகளுக்கு மேலே வைத்தார். நிலூபாவின் உம்மா அடுத்ததாக வந்தா. பிறகு வாட்ஸ்அப்பில் முதலில் எழுதின தாயும் வந்தா. முகத்தைப் பார்க்காமல் எடுத்தா, ஆனால் எடுத்தா. எல்லோரும் வாங்கினார்கள் என்று உங்களுக்குக் கதை விடமாட்டேன். சிலர் அதற்குப் பிறகும் அவவிடம் வாங்கவேயில்லை.

மேசை பாதி வெறுமையான பிறகு சுமணா வரைபடத்துக்குக் கிட்ட வந்தா. அவவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மேலே பெரிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நிலூபாவைக் கேட்டா.

“எங்களுக்குக் கிட்ட இருக்கிற பண்ணை எண்டு எழுதியிருக்கு, ஆன்ட்டி.”

“பண்ணையா?” என்று சுற்றியுள்ள காற்றாலைகளை ஒருதரம் பார்த்தா. “பைப் விஷயமும் எழுதியிருக்கா?”

“ஓம்.”

“பள்ளிக்கூடத்துட பேரும்?”

“ஓம், ஆன்ட்டி. உங்கட பேரை எழுதேல்ல. நீங்க வேணாம் எண்டீங்க.”

சுமணா மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்து நிலூபாவின் கையில் வைத்தா.

“அப்ப என்ட பேரையும் எழுது, மகள்,” என்றா. “கீழ ஃபோன் நம்பரையும் போடு. வேணுமெண்ட ஆக்கள் கோல் எடுக்கட்டும்.”